சில்லறையில் கிடைக்கும் 2 யூரோ நினைவு நாணயங்கள்: தொகுப்புக்கு எல்லையை எங்கே வைப்பது?

கல்லாப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், லக்சம்பர்க் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரியர் நகரில் ஒரு ரொட்டிக்கடையின் கல்லாவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர்களும் சுற்றுலா வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்கும் கடை என்பதால், இரவில் கணக்கு முடிக்கும்போது கல்லாவின் 2 யூரோ குழியில் பாதி ஐரோப்பா கிடக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், வட்டு எறியும் வீரனின் உருவம் பொறித்த நாணயம் ஒன்று அதில் அகப்பட்டது. ஏதோ விளையாட்டுப் போட்டியின் வில்லை என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். திருப்பிப் பார்த்தால் மறுபக்கத்தில் வழக்கமான 2 என்ற எண்ணும் ஐரோப்பிய வரைபடமும் இருந்தன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை முன்னிட்டு கிரேக்கம் வெளியிட்ட நாணயம் அது என்றும், 2 யூரோ நினைவு நாணயங்களின் வரிசையே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று முதல், கடை உரிமையாளரின் அனுமதியோடு, என் பையிலிருந்து சாதாரண 2 யூரோ ஒன்றைக் கல்லாவில் போட்டுவிட்டு நினைவு நாணயத்தை எடுத்துக்கொள்கிறேன். இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் 94 நாணயங்கள் சேர்ந்திருக்கின்றன.

சேர்ந்த பிறகுதான் குழப்பம் தொடங்கியது. ஜெர்மன் நாணயங்களில் ஏ, டி, எஃப், ஜி, ஜே என்று சிறிய எழுத்து ஒன்று இருக்கிறது; ஒரே வடிவத்தை ஐந்து முறை சேர்ப்பதா, ஒன்றே போதுமா? 2007இலும் 2009இலும் எல்லா நாடுகளும் ஒரே படத்தை வெளியிட்டிருக்கின்றன. அவற்றை ஒரு நாணயமாகக் கணக்கிடுவதா, நாட்டுக்கு ஒன்றாகக் கணக்கிடுவதா? மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லியின் நாணயம் இல்லாமல் தொகுப்பு முழுமையடையாது என்று ஒருவர் சொன்னார். அதன் விலையைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டேன்.

வேறு மூன்று விஷயங்களையும் கேட்டுவிடுகிறேன். முதலாவது, அந்த வட்டு எறியும் வீரன் மங்கலாக இருக்கிறானே என்று இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்தேன். காலையில் நடுப்பகுதி பொன்னிறம் போய் ஒருவித இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? இரண்டாவது, என் மைத்துனர் பிறந்தநாள் பரிசாக, தங்கமுலாம் பூசி வண்ணம் தீட்டிய பன்னிரண்டு 2 யூரோ நாணயங்களைச் சான்றிதழோடு இணையத்தில் வாங்கி அனுப்பினார்; இவற்றைத் தொகுப்பில் சேர்க்கலாமா? மூன்றாவது, நீலநிற வளையம் கொண்ட ஜெர்மன் 5 யூரோ நாணயம் ஒன்றை லக்சம்பர்க்கில் ஒரு கடையில் நீட்டினேன்; அந்தப் பெண் அதை வாங்காமல், ஏமாற்ற வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அது யூரோ இல்லையா?

---

பழஞ்செப்பு எழுதியது:

நண்பர் கல்லாப்பெட்டி அவர்களுக்கு, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

யூரோ நாணயங்களில் சிறப்பு வெளியீடுகள் இரண்டு சாதி. முதல் சாதி, நீங்கள் சேர்க்கும் 2 யூரோ நினைவு நாணயம். 2 என்ற எண்ணும் வரைபடமும் உள்ள அதன் பொதுப்பக்கம் மாறாது, எடை 8.5 கிராம், விட்டம் 25.75 மில்லிமீட்டர், உலோகம் வழக்கமானது. தேசியப் பக்கத்தின் படம் மட்டுமே வேறு. அதனால் எந்த நாடு வெளியிட்டிருந்தாலும் யூரோ வழங்கும் எல்லா நாடுகளிலும் அது செல்லும். இரண்டாம் சாதி, சேகரிப்போருக்கென்றே அடிக்கப்படும் நாணயம். 2016இல் ஜெர்மனி வெளியிட்ட, நீலநிறப் பாலிமர் வளையம் கொண்ட 5 யூரோ, ஸ்லோவேனியாவின் 3 யூரோ, ஆஸ்திரியா 2003 முதல் வெளியிட்டுவரும் வெள்ளியும் நையோபியமும் சேர்ந்த 25 யூரோ ஆகியவை இந்த வகை. இவை வெளியிட்ட நாட்டுக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். ஆகவே உங்கள் 5 யூரோ உண்மையான பணமே. மோசெல் ஆற்றின் அந்தக் கரைக்குப் போனதும் அதன் பணத்தன்மை நின்றுபோகிறது, அவ்வளவுதான். அந்தப் பெண்மீது தவறில்லை.

இந்த வேறுபாட்டை வைத்துப் பெல்ஜியம் 2015இல் ஒரு வேலை செய்தது. வாட்டர்லூ போரின் இருநூறாம் ஆண்டுக்கு 2 யூரோ நாணயம் வெளியிட அந்நாடு முனைந்தபோது, நெப்போலியன் தோற்ற போரைத் தன் மக்களின் சட்டைப்பைக்குள்ளும் புழங்கவிட பிரான்ஸ் சம்மதிக்கவில்லை. புழக்க நாணயத்தின் படத்துக்கு மற்ற நாடுகள் மறுப்புச் சொல்ல இடமுண்டு என்பதால் பெல்ஜியம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கைவிட்ட கையோடு, யாருடைய சம்மதமும் தேவைப்படாத 2.50 யூரோ என்ற புதிய மதிப்பில் அதே போரை நினைவுகூர்ந்து சேகரிப்பு நாணயம் வெளியிட்டது. அது பெல்ஜியத்துக்குள் மட்டும் செல்லும். 2013இல் ஸ்லோவாக்கியா, சிரில், மெத்தோடியஸ் என்ற இரு புனிதர்களின் படத்தை முன்வைத்தபோதும் இப்படியொரு சர்ச்சை எழுந்தது. தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தையும் அங்கியில் இருந்த சிலுவைகளையும் நீக்கும்படி சொல்லப்பட்டது. உள்நாட்டில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அவை நீக்கப்படாமலேயே நாணயம் வெளிவந்தது. அந்த நாணயம் உங்கள் டப்பாவில் இருந்தால், விளக்கின்கீழ் வைத்து ஒருமுறை பாருங்கள்.

இனி எல்லை பற்றி. தொடக்கத்தில் ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு நினைவு நாணயம் மட்டுமே வெளியிடலாம் என்று விதி இருந்தது; 2012 முதல் ஆண்டுக்கு இரண்டு என்றானது. கூட்டு வெளியீடுகள் இந்த எண்ணிக்கையில் சேராது. இதுவரை ஐந்து கூட்டு வெளியீடுகள் வந்திருக்கின்றன: 2007இல் ரோம் ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு 13 நாடுகள், 2009இல் பொருளாதார நாணய ஒன்றியத்தின் பத்தாம் ஆண்டுக்கு 16, 2012இல் யூரோ புழக்கத்துக்கு வந்த பத்தாம் ஆண்டுக்கு 17, 2015இல் ஐரோப்பிய ஒன்றியக் கொடியின் முப்பதாம் ஆண்டுக்கு 19, 2022இல் எராஸ்மஸ் மாணவர் திட்டத்தின் 35ஆம் ஆண்டுக்கு 19. நாட்டுக்கு ஒன்று என்று எடுத்தால் இவை மட்டுமே 84 நாணயங்கள். ஜெர்மனியின் ஐந்து எழுத்துகளையும் தனித்தனியே எண்ணினால் 104. படம் ஐந்துதான்.

பத்தொன்பது நாடுகள் வெளியிட்ட ஒரே படத்தை அடுத்தடுத்துப் பத்தொன்பது குழிகளில் வைத்துப் பார்ப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி கிடைப்பதில்லை. ஆனாலும் அவற்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொன்றும் எந்த நாட்டிலிருந்து என் கைக்கு வந்தது என்பது படத்தைவிடச் சுவையானது. நீங்கள் கல்லாவில் இருப்பவர். அந்தச் சுவை உங்களுக்குத்தான் அதிகம். விலை கொடுத்து வாங்குகிறவர் எந்த எல்லையையும் வைத்துக்கொள்ளலாம், பணம் இருக்கும்வரை அது நகர்ந்துகொண்டே போகும். முகமதிப்புக்கு முகமதிப்பு மாற்றி எடுக்கிற உங்களுக்கு எல்லை ஏற்கனவே இருக்கிறது. கல்லாவில் வந்து விழுந்தது உள்ளே, விழாதது வெளியே. இதையே விதியாக எழுதி டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள் என்பதே என் கருத்து.

அந்த விதிப்படி, பரிசாக வந்த தங்கமுலாம் நாணயங்களுக்கு இடமில்லை. மிகச் சில வண்ண வெளியீடுகளை அரசு நாணயச்சாலைகளே செய்திருந்தாலும், சந்தையில் சான்றிதழோடு விற்கப்படுகிற பெரும்பாலானவை சாதாரண நாணயத்தின்மேல் தனியார் பூசிய பூச்சுதான். சான்றிதழை அச்சிட்டதும் பூசியவரே. நாணயவியலாளர் பார்வையில் அது சிதைக்கப்பட்ட நாணயம். மைத்துனரிடம் இதைச் சொல்ல வேண்டாம்; தனியே ஒரு சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டுங்கள், அழகாகத்தான் இருக்கும்.

---

சாமணம் எழுதியது:

வினிகர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே தவற்றை எலுமிச்சைச் சாற்றில் செய்தவன் நான். பாழாக்கியது பின்லாந்தின் 2004 வெளியீடு. ஒன்றியத்தில் பத்து புதிய நாடுகள் சேர்ந்ததை ஒட்டிப் பத்து லட்சம் மட்டும் அடிக்கப்பட்ட அந்த நாணயத்தை நான் தேடிப் பிடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. பாழாக்கப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், 2 யூரோவின் நடுவட்டம் மூன்று அடுக்கு கொண்டது. மேலும் கீழும் நிக்கல் கலந்த பித்தளை, இடையில் சுத்த நிக்கல். வெளிவளையம் செம்பும் நிக்கலும் சேர்ந்த வெண்ணிறக் கலவை. பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை அமிலம் முதலில் கரைத்து வெளியேற்றிவிடுகிறது; மேற்பரப்பில் செம்பு மட்டும் எஞ்சுகிறது. நீங்கள் பார்த்த இளஞ்சிவப்பு அதுதான். போன துத்தநாகத்தைத் திரும்ப வைக்க முடியாது. தேய்த்துப் பார்ப்பது இன்னும் கேடு. நுண்ணிய கோடுகள் விழுந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நாணயம் முழுவதும் சிலந்திவலை போலத் தெரியும். உங்கள் நல்ல காலம், கிரேக்கத்தின் அந்த ஒலிம்பிக் நாணயம் சுமார் 3.5 கோடி அடிக்கப்பட்டது. இன்னொன்று கட்டாயம் வந்து விழும். சிவந்தவனைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வினிகர் புட்டியை எடுக்கும்போது கையைப் பிடிப்பான்.

புழக்கத்திலிருந்து எடுத்த நாணயத்துக்கு எவ்வளவு சுத்தம் தேவை? மாவும் கைப்பிசுக்கும் ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு அலசி, காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை முக்கி, மென்துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஒட்டுத்தாள் பசை இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடங்கள் கிடத்தினால் கழன்றுவிடும். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளியிருந்து செய்யுங்கள். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இதுவும் வேண்டாம்.

பிஸ்கட் டப்பாவை இன்றே மாற்றுங்கள். 94 நாணயங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கின்றன. நீங்கள் டப்பாவை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் அரசரின் கன்னத்தில் கீறல் விழுகிறது. கேப்சூல்கள் எனப்படும் வட்டப் பிளாஸ்டிக் கூடுகளில் 26 மில்லிமீட்டர் அளவுள்ளவை 2 யூரோவுக்கு அளவெடுத்தது போல இருக்கும். ஆல்பம் வாங்கினால் பி.வி.சி. கலவாத தாள்களா என்று கேட்டு வாங்குங்கள். மெதுமெதுப்பாக வளையும், திறந்ததும் புதுக் குளியலறைத் திரை போல மணக்கும் தாள்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள். சில ஆண்டுகளில் அவை கசிந்து நாணயத்தின்மேல் பச்சையான பிசுபிசுப்பைப் படிய வைக்கும். எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். விரல் ரேகை அன்றைக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து, நடுவட்டத்தில், யாருடைய கட்டைவிரல் என்று சொல்லும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும்.

---

விளிம்பெழுத்து எழுதியது:

பழஞ்செப்பு ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஜெர்மன் எழுத்துகள் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். கூட்டல் கணக்கில் மட்டும் சேர்த்துக்கொண்டார். ஜெர்மனியில் இருந்துகொண்டு, அதுவும் கல்லாவில் இருந்துகொண்டு, அந்த எழுத்துகளை விடுவது கிணற்றடியில் இருந்துகொண்டு தாகத்தோடு இருப்பதற்குச் சமம் என்பது என் எண்ணம்.

ஏ என்றால் பெர்லின், டி என்றால் மியூனிக், எஃப் என்றால் ஸ்டுட்கார்ட், ஜி என்றால் கார்ல்ஸ்ரூஹே, ஜே என்றால் ஹாம்பர்க். ஐந்தும் ஐந்து நாணயச்சாலைகள். ஒரே படத்தை ஐந்தும் பங்குபோட்டு அடிக்கின்றன. பங்கு சமமானதல்ல. ஸ்டுட்கார்ட் ஏறத்தாழ 24 விழுக்காடும் கார்ல்ஸ்ரூஹே ஏறத்தாழ 14 விழுக்காடும் அடிக்கின்றன, மற்ற மூன்றும் இருபதை ஒட்டி நிற்கின்றன. ஆகவே உங்கள் டப்பாவில் எஃப் நிறையவும் ஜி குறைவாகவும் இருந்தால் அது தற்செயல் அல்ல. உங்கள் ஊருக்கென்றே ஒரு நாணயம் இருக்கிறது: 2017இல் ரைன்லாண்டு-பலாட்டினேட் மாநிலத்துக்காக வெளியிடப்பட்டது, அதில் இருப்பது ட்ரியரின் போர்ட்டா நிக்ரா, ரோமானியர் கட்டிய அந்தக் கரிய வாயில். நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் பார்க்கிற கட்டடத்தின் ஐந்து எழுத்துகளையும் உங்கள் கல்லாவிலிருந்தே சேர்த்து முடிப்பதைவிட நல்ல தொடக்கம் வேறு என்ன இருக்க முடியும்?

மாநில வரிசை 2006இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனோடு, லூபெக் நகரின் ஹோல்ஸ்டன் வாயிலைத் தாங்கித் தொடங்கியது. 2022இல் துரிங்கியாவின் வார்ட்புர்க் கோட்டையோடு முடிந்தது. இடையில் 2019இல் மட்டும் மாநிலத்துக்குப் பதிலாக, மாநிலங்களவையின் எழுபதாம் ஆண்டுக்கு ஒன்று. ஆக 17 ஆண்டு, 17 நாணயம், ஐந்து எழுத்து, மொத்தம் 85. முகமதிப்பில் 170 யூரோவுக்கு முழுதாக முடிக்கக்கூடிய தொகுப்பு என்று நாணய உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். 2023இல் ஹாம்பர்க்கின் எல்ப் இசையரங்கோடு இரண்டாம் சுற்றும் தொடங்கிவிட்டது.

என் பெயருக்கேற்ப இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் நாணயத்தின் முகத்தைப் பார்க்கிறார்கள், விளிம்பைப் பார்ப்பதில்லை. மேசை விளக்கை அருகே இழுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் நாணயத்தைப் படுக்கையாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். நெருக்கமான நுண்கோடுகளுக்கு மேலே எழுத்து ஓடுவது தெரியும். ஜெர்மன் நாணயத்தில் ஒற்றுமை, நீதி, சுதந்திரம் என்ற மூன்று சொற்களும் கழுகும் வரும். நெதர்லாந்து நாணயத்தில் இறைவன் நம்முடன் இருப்பானாக என்ற வேண்டுதல் ஓடும். இத்தாலியில் எண்ணும் நட்சத்திரமும் நேராகவும் தலைகீழாகவும் மாறி மாறி வரும். பின்லாந்தில் நாட்டின் பெயரோடு சிங்கத்தலைகள். முகத்தில் அச்சடிப்பதற்கு முன்பே விளிம்பில் எழுத்து பதிந்துவிடுவதால், பொதுப்பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கும்போது ஒரு நாணயத்தில் வாசகம் நேராகவும் அடுத்ததில் தலைகீழாகவும் இருக்கும். இது பிழையல்ல. இதைப் பிழை நாணயம் என்று சொல்லி விலை கேட்கிறவர்களை நம்பாதீர்கள்.

உண்மையான பிழைகளும் உண்டு. 2008இல் ஹாம்பர்க்கின் புனித மிக்கேல் தேவாலயத்தைத் தாங்கிவந்த ஜெர்மன் நாணயத்தில், ஸ்டுட்கார்ட்டில் அடித்தவற்றில் ஒரு பகுதி பழைய வரைபடத்தோடு வெளிவந்துவிட்டது. 2007க்கு முந்தைய பொதுப்பக்கத்தில் அன்றைய 15 உறுப்பு நாடுகள் மட்டும், இடையே எல்லைக்கோடுகளோடு இருந்தன. புதியதில் எல்லைக்கோடு இல்லாத பரந்த ஐரோப்பா. லித்துவேனியாவின் 2021 சுவின்தாஸ் உயிர்க்கோளக் காப்பக நாணயங்களில் சில, லாட்வியாவை இறைவன் ஆசீர்வதிப்பானாக என்ற அண்டை நாட்டு வாசகத்தை விளிம்பில் தாங்கி வந்தன. ஒரு நாட்டின் உடலில் இன்னொரு நாட்டின் பிரார்த்தனை! முகத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது கடைசிவரை தெரியாது. அந்த லித்துவேனியப் பிழை நாணயம் அட்டையில் அடைத்து விற்கப்பட்டது, அது கல்லாவுக்கு வருவது கடினம். ஆனால் ஹாம்பர்க் எஃப் வரலாம். வரைபடத்தைப் பாருங்கள்.

---

பழஞ்செப்பு எழுதியது:

விளிம்பெழுத்து தம்பியின் வாதத்துக்கு நான் பணிகிறேன், ஒரு திருத்தத்தோடு. மாநில வரிசைக்கு எழுத்து வாரியாகச் சேர்ப்பதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் அந்த நாட்டின் கூட்டாட்சி அமைப்பே அந்த ஐந்து எழுத்துகளில் அச்சாகியிருக்கிறது. கூட்டு வெளியீடுகளிலும் அதைத் தொடர்ந்தால் ஆல்பத்தில் மற்ற நாடுகளைவிட ஜெர்மனியே நிறைந்து நிற்கும். நான் அங்கே ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

மொனாக்கோ பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. கிரேஸ் கெல்லி மறைந்த 25ஆம் ஆண்டுக்கு 2007இல் வந்த அந்த நாணயம் மொத்தம் 20,001 மட்டுமே. அதைப் புழக்கத்தில் விடவே இல்லை. பெட்டியில் வைத்து விற்றார்கள். அன்று முதல் அதன் விலை ஆயிரக்கணக்கான யூரோக்களில் நிற்கிறது. சட்டப்படி அதுவும் 2 யூரோதான், உங்கள் கடையில் கொடுத்து ரொட்டி வாங்கலாம்; ஆனால் எவரும் வாங்கப்போவதில்லை. புழங்காத ஒன்றைப் புழக்க நாணயத் தொகுப்பின் மகுடமாக வைப்பது எனக்கு எப்போதுமே ஒவ்வாத வழக்கம். அது நாணய வடிவில் இருக்கும் நகை. மொனாக்கோ என்ற பெயர் தொகுப்பில் இருந்தே ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டால், ஐக்கிய நாடுகள் அவையில் அந்நாடு சேர்ந்த இருபதாம் ஆண்டுக்கு 2013இல் வந்த நாணயம் பத்து லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. அது கைக்கு எட்டும். வத்திக்கான், சான் மரீனோ, அந்தோரா வெளியீடுகளும் பெரும்பாலும் உறையிலோ அட்டையிலோ அடைத்தே விற்கப்படுகின்றன. இந்த நான்கு சிறு நாடுகளையும் தனிப் பக்கமாக வைத்து, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.

யாராவது கிரேஸ் கெல்லியை மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் எச்சரிக்கை தேவை. விலை உயர்ந்த நாணயத்துக்குப் போலி பிறப்பது இயல்பு. சாதாரண 2 யூரோவிலேயே போலிகள் புழங்குகின்றன. உங்கள் வேலைக்கும் இது பயன்படும். உண்மை நாணயத்தின் நடுவட்டம் உள்ளே நிக்கல் இருப்பதால் காந்தத்தில் மென்மையாக ஒட்டும், லேசாக உதறினால் விழுந்துவிடும். வெளிவளையம் ஒட்டவே ஒட்டாது. நாணயம் முழுவதும் காந்தத்தைக் கவ்விப் பிடித்தாலோ, நடுவட்டம் அசையவே மறுத்தாலோ ஐயம் கொள்ளலாம். பிறகு எடை: 8.5 கிராமிலிருந்து கண்ணுக்குத் தெரிய விலகக் கூடாது. பிறகு விளிம்பு, போலி அடிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது அங்கேதான், எழுத்து ஆழமின்றி மழுங்கியிருக்கும். போலி என்று தெரிந்த பிறகு அதை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. வங்கியிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும், ஈடாக எதுவும் கிடைக்காது. போலியே அல்லாமல் தவறி வருவதும் உண்டு: தாய்லாந்தின் 10 பாட் நாணயம் பருமனிலும் நிறத்திலும் 2 யூரோவின் இரட்டைப் பிள்ளை போல இருக்கும், மதிப்போ அதில் ஒரு சிறு பங்கு.

எது வெளிவந்தது, எத்தனை அடிக்கப்பட்டது என்று சரிபார்க்க விற்பனையாளர் பட்டியலை நம்ப வேண்டாம். ஒவ்வொரு புதிய படமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசிதழில் வெளியாகிறது; ஐரோப்பிய மத்திய வங்கியின் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் படத்தோடு பார்க்கலாம்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு டப்பாவைத் துணிமேல் கவிழ்த்து, மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளிம்பெழுத்து அவர்கள் சொன்னபடி நாணயத்தைப் படுக்கையாகச் சுழற்றியபோது, இரண்டு ஆண்டுகளாக என் கையில் இருந்தவற்றில் எழுத்து இருப்பதையே நேற்றுதான் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில் கழுகின் சிறகை ஒட்டி மாவு காய்ந்து இறுகியிருந்தது. எங்கள் கடை மாவுதான். வினிகரைத் தொடவில்லை, சோப்பு நீரோடு நிறுத்திக்கொண்டேன்.

கணக்கு எடுத்ததில், 94இல் 11 ஒன்றுக்கு மேல் இருப்பவை. கூட்டு வெளியீடுகளில் 2009இன் குச்சி மனிதன்தான் அதிகம், ஏழு நாடுகள். எராஸ்மஸில் மூன்றுதான். ஹாம்பர்க் தேவாலயம் இரண்டு இருக்கின்றன, ஒன்று எஃப். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன், வரைபடம் புதியதுதான். சிரில், மெத்தோடியஸ் இருவரும் ஒளிவட்டத்தோடு கிடைத்தார்கள், இதுவரை அவர்களை யாரோ அரசர்கள் என்று நினைத்திருந்தேன். மாநில வரிசையில் 85க்கு 31 தேறுகிறது. போர்ட்டா நிக்ராவில் ஏ, டி, எஃப், ஜே நான்கும் இருக்கின்றன. ஜி இல்லை.

டப்பாவின் மூடியில் விதியை எழுதி ஒட்டிவிட்டேன்: கல்லாவில் விழுந்தது மட்டும், மாநில வரிசைக்கு ஐந்து எழுத்து, மற்றவற்றுக்கு நாட்டுக்கு ஒன்று. இன்னொரு சிறு ஐயம். நாணயத்துக்கு நாணயம் என்று மற்றொரு சேகரிப்பாளரோடு மாற்றிக்கொண்டால் அது விதியை மீறியதாகுமா?

---

விளிம்பெழுத்து எழுதியது:

முகமதிப்புக்கு முகமதிப்பு என்றால் மீறல் இல்லை. நீங்கள் கல்லாவோடு செய்வதும் அதுதானே. என்னிடம் 2017 ஜி இரண்டு இருக்கின்றன. கார்ல்ஸ்ரூஹேயிலேயே ஒரு பயணச்சீட்டு இயந்திரம் மிச்சக் காசாக உமிழ்ந்தது ஒன்று. அதைக் கேப்சூலில் போட்டு அனுப்புகிறேன். உங்களிடம் ஒன்றுக்கு மேல் இருக்கும் பதினொன்றில் லக்சம்பர்க் ஏதாவது இருந்தால் பதிலுக்கு அனுப்புங்கள்; அந்நாட்டு நாணயம் ஒவ்வொன்றிலும் பெருங்கோமகனின் முகம் எங்காவது ஓரத்தில் ஒளிந்திருக்கும், அதைத் தேடுவது என் பொழுதுபோக்கு. சாதாரண உறையில் போடாதீர்கள், தரம்பிரிக்கும் இயந்திரத்தில் கிழிந்து விழுந்துவிடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒட்டி, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் தருகிறேன்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

லக்சம்பர்க் மூன்று இருக்கின்றன. எந்த ஆண்டு வேண்டும் என்று சொல்லுங்கள், நாளை மதிய இடைவேளையில் அஞ்சலில் சேர்த்துவிடுகிறேன்.